நிமிஷத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு அடி

ஊதக் கூடாத இடத்தில் ஊதினால் என்ன ஆகும் என்பதற்குத் துளசிராமின் புதன்கிழமையைவிடப் பெரிய உதாரணம் மதுரையில் கிடைக்காது.

அன்று மண்டபத்தில் இல்லாதவர்களுக்காக ஒருமுறை. மகள் இந்துப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீடு மஹால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். மாப்பிள்ளை அழகுராஜாவின் வீடு அலங்காநல்லூரைத் தாண்டி, நெல்லும் மாடுமாக நாலு தலைமுறை. இந்த இரண்டு வீட்டையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க இரண்டு வருஷம் பிடித்தது. எழுப்பி அனுப்ப நாற்பது விநாடி போதுமானதாக இருந்தது.

அந்த நாற்பது விநாடியை ஏற்பாடு செய்தவர் பெண்ணைப் பெற்ற துளசிராம்தான். முப்பது வருஷமாகத் துளசி பேண்ட் நடத்துகிறவர். சினிமாப் பாட்டோ சீரியல் பாட்டோ எதைக் கொடுத்தாலும், டிரம்பெட்டுக்கு இது, சாக்ஸபோனுக்கு இது, டிராம்போனுக்கு இது என்று பிரித்து எழுதிவிடுவார். அவருடைய ஒரே குறை, பாட்டின் வார்த்தைகள் காதில் விழாது. மெட்டு மட்டும்தான் விழும். பித்தளைக்கு வார்த்தை எதற்கு என்பார். ஒரு அறுபதாம் கல்யாணத்தில், காதலி போய்விட்டாள் இனி சாவுதான் என்று ஒருவன் கதறுகிற பாட்டைத் துள்ளலாக வாசித்திருக்கிறார். தம்பதி வெட்கப்பட்டுச் சிரித்தபடி மாலை மாற்றிக்கொண்டார்கள்.

எல்லாரும் அப்படிச் சிரித்துவிட்டுப் போக மாட்டார்கள்.

சம்பந்தியம்மா நாகஜோதி மண்டபத்தில் நுழையும்போது கம்பீரமாக ஏதாவது வேண்டும் என்று துளசிராம் போனில் தேடினார். யாரோ 'ராஜ நடை' என்று பேர் வைத்துப் போட்டிருந்த மெட்டு கிடைத்தது. பத்து நாள் ஒத்திகை. புதன்கிழமை நாகஜோதி வாசலில் வலது காலை எடுத்து வைத்தார். பேண்ட் முழங்கியது. பால்பாண்டி பெரிய டிரம்மில் இடி மாதிரி ஒன்று இறக்கினான்.

மண்டபம் மொத்தமும் சிரித்தது.

அது ராஜ நடை இல்லை. ராத்திரி ஒன்பது மணி சீரியலில் வில்லி மாமியார் மகுடேஸ்வரி தலையைக் காட்டும்போதெல்லாம் ஒலிக்கிற மெட்டு. மகுடேஸ்வரி என்றால் மருமகளுக்குப் பாலில் விஷம் கலந்து கொடுத்த மகராசி. ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. துளசிராமுக்கும் அவருடைய ஆட்களுக்கும் தெரியாது. ஒன்பது மணிக்கு அவர்கள் எங்காவது மாப்பிள்ளை அழைப்பில் ஊதிக்கொண்டிருப்பார்கள்.

ஏன் சிரிக்கிறார்கள் என்று நாகஜோதி பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணிடம் கேட்டார். அவள் சொல்லிவிட்டாள். தாம்பூலத் தட்டு மாற்றாமலே மாப்பிள்ளை வீட்டு வேன்கள் இரண்டும் திரும்பிப் போயின. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிவைச் சொல்கிறேன் என்று மறுநாள் நாகஜோதியிடமிருந்து சேதி மட்டும் வந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

காலை ஏழு மணிக்கு மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் பன்னிரண்டு பேர் சிவப்புக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்திரை வெயிலுக்குக் கம்பளிக் கோட்டைக் கண்டுபிடித்தவன் யாராக இருந்தாலும் அவன் மதுரைக்காரனாக இருக்க முடியாது.

சுந்தரவல்லி படியேறி வந்தார். துளசிராமின் மனைவி. கோபம் அரைவாசி என்றால் தமிழில் திட்டுவார். நிறைந்துவிட்டால் சௌராஷ்டிரத்துக்கு மாறிவிடுவார். இன்றைக்கு முதல் படியிலிருந்தே சௌராஷ்டிரம்தான். பேண்ட்காரர்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் எல்லாரும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். சாராம்சம் இதுதான்: கோபித்துக்கொண்டு போன வீட்டு வாசலுக்கே போய் மறுபடி ஊதப் போகிறேன் என்கிற மனிதனை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சுந்தரவல்லிக்குத் தன் மேலேயே பாதிக் கோபம். தினமும் மகளோடு உட்கார்ந்து அந்தச் சீரியலைப் பார்க்கிறவர்தானே. பத்து நாள் மேலே ஒத்திகை நடந்தபோது என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், எப்போதும் செய்வதைத்தான். முப்பது வருஷம் பேண்ட்காரனோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் காதுக்குள் ஒரு கதவு வைத்திருப்பார்கள். மேலே டிரம் சத்தம் கேட்டதும் அது தானாகச் சாத்திக்கொள்ளும்.

இந்துப்ரியா மட்டும் சத்தம் போடவில்லை. கொட்டகை வாசலில் வந்து நின்றாள். பத்து வயதிலிருந்து அப்பாவின் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய சுரத்தைத் தனித்தாளில் படியெடுத்துக் கொடுப்பவள் அவள். அவளுடையது முத்து முத்தான எழுத்து. மூன்று நாளாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் பிள்ளையிடம் எதற்கு என்று இந்தத் தடவை அவரே எழுதிவிட்டார். புதுத் தாள்கூட எடுக்கவில்லை. பழைய தாளின் முதுகில் புதுப் பாட்டை எழுதுவது துளசி பேண்டின் பழக்கம். அவருடைய எழுத்து, மழைக்குப் பயந்து ஓடுகிற எறும்புக் கூட்டம் மாதிரி இருந்தது.

"போகாதீங்கப்பா," என்றாள். "விட்டுருங்க."

"நான் கெடுத்ததை நான்தானம்மா சரி பண்ணணும்."

"மறுபடி சிரிச்சாங்கன்னா?"

"சிரிக்கட்டும். என்னையப் பாத்துச் சிரிச்சாப் பரவாயில்ல. எனக்குப் பழக்கம் இருக்கு. அவுங்களுக்கு இல்ல."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கீழே லோடு வண்டி ஹாரன் அடித்தது. அவர் டிரம்பெட்டை எடுத்துக்கொண்டார்.

வண்டி சிக்கந்தர் சாவடியைத் தாண்டும்போது டிராம்போன் வாசிக்கும் சோணைமுத்து, இருபது வருஷ உரிமையில், நாம் போகிற காரியம் என்னவென்று ஒருமுறை விளங்கும்படி சொன்னால் நல்லது என்றார். துளசிராம் சொன்னார்.

வியாழக்கிழமை மாப்பிள்ளை அழகுராஜா போன் செய்திருந்தான். கோபத்தில் இல்லை, கலக்கத்தில். அவனுடைய அம்மா ஊர்ப் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவி. மண்டபத்து வீடியோ செல்போன் செல்போனாகப் பரவி, அம்மா தெருவில் இறங்கினால் பிள்ளைகள் அந்த மெட்டை முனகுகிறார்கள். பால் ஊற்ற வந்த ஒருவர், தலைவி, இன்னைக்குப் பால்ல என்ன கலந்திருக்கு என்று கேட்டிருக்கிறார். விளையாட்டுக்குத்தான். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தவனைக்கூட வரிசையை விட்டு வெளியே நிறுத்துகிற பெண்மணியிடம் அது விளையாட்டு இல்லை. அதற்குப் பிறகு அவர் சங்கத்துப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சங்கத்தின் புதுக் கட்டடத் திறப்பு விழா. ஒன்பது வருஷம் மனுக் கொடுத்து, நடையாய் நடந்து அவர் வாங்கிய கட்டடம். அதற்கும் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

தெருவில் நடக்க முடியாமல் செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் துளசிராமுக்கு உறைத்தது. கல்யாணம் நிற்பதெல்லாம் அதற்கு அடுத்ததாகத் தெரிந்தது.

"மாப்ள, உங்க அம்மா நடக்குறதை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க," என்றார் போனில்.

"எதுக்கு மாமா?"

"எம்புட்டு வேகமா நடக்குறாங்கன்னு பாக்கணும்."

பின்னாலிருந்து எடுத்த வீடியோ ஒன்று வந்தது. தொழுவத்துக்கும் வீட்டுக்கும் இடையில் நாகஜோதி போய்வருகிறார். துளசிராம் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினார். நாலு தடவை எண்ணினார். நிமிஷத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு அடி. மகுடேஸ்வரியின் மெட்டோ நிமிஷத்துக்கு ஐம்பத்தாறு. சரியாகப் பாதி. பாவம் செய்ய நேரம் இருக்கிறவர்கள்தான் அவ்வளவு மெதுவாக நடப்பார்கள்.

ஒரு மெட்டை ஊர் வாயிலிருந்து பிடுங்க முடியாது. அதே மெட்டை வேறொன்றாக மாற்றிக் கொடுக்கலாம். அது அவருக்குத் தெரிந்த வேலை. மூன்று நாள் உட்கார்ந்து நடையை இரட்டித்தார். 'க' என்கிற காந்தாரச் சுரத்தில் இரண்டு வகை உண்டு. சின்ன 'க' அழும், பெரிய 'க' சிரிக்கும் என்பது அவருடைய கணக்கு. மகுடேஸ்வரி முழுக்கச் சின்ன 'க'. அத்தனையையும் அடித்துவிட்டுப் பெரிய 'க' போட்டார். இடி விழுகிற இடத்தில் டிரம்மை எடுத்துவிட்டு, அந்த அடியைக் காலடிக்குக் காலடி பிரித்துக் கொடுத்தார்.

"பால்பாண்டி, நீ இன்னைக்கு என்னையப் பாக்கக் கூடாது. அந்த அம்மா காலை மட்டும் பாரு. கால் விழுந்தா அடி. நின்னா நீயும் நின்னுடு," என்று துளசிராம் சொல்லி முடித்தார்.

"அவுங்க வரவே இல்லைன்னா?" என்றார் சோணைமுத்து.

துளசிராம் மடியிலிருந்த டிரம்பெட்டை எடுத்துத் துணியால் துடைத்தார். வண்டி குமாரம் கிராமத்து வயல்களைக் கடந்துகொண்டிருந்தது.

ஒன்பதே முக்காலுக்கு ஊருக்குள் இறங்கினார்கள். தெருவின் ஒரு முனையில் புதுக் கட்டடம், நீல ரிப்பன், வாடகை நாற்காலிகள், கழுவிக் கவிழ்த்த பால் கேன்கள். மறுமுனையில் நாகஜோதியின் வீடு. இடையில் இருநூறு அடி இருக்கும். சிவப்புக் கோட்டுகளைப் பார்த்ததும் பாதிக் கூட்டம் எழுந்து நின்றது. யாரென்று தெரிந்துவிட்டது. வீடியோவில் பார்த்திருப்பார்கள்.

அழகுராஜா வாசலில் நின்றுகொண்டிருந்தான். அம்மா உள்ளேதான் இருக்கிறார், சேலைகூட மாற்றவில்லை என்று கண்ணால் சொன்னான்.

துளசிராம் டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக உதடு உலர்ந்திருந்தது.

ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது சுரத்திலேயே பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். மகுடேஸ்வரி டோய் என்று ஒருவன் கத்த, தெரு முழுக்க அது ஓடியது. நாற்காலிகளிலிருந்து சிரிப்பு வந்தது. சுந்தரவல்லி சொன்னது நடந்துவிட்டதோ என்று துளசிராமுக்குத் தோன்றியது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் சிரிப்பு மட்டும்தான் மிஞ்சும்.

கதவு திறந்தது. நாகஜோதி வாசற்படியில் வந்து நின்றார். ஒல்லியான, நெடிய உருவம். கையில் தொழுவத்து விளக்குமாறு.

பேண்ட் தானாக நின்றது.

"வாங்க பேண்டு மாஸ்டரே," என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அங்க மண்டபத்துல வச்சு அசிங்கப்படுத்துனது பத்தலையாக்கும். வீடு தேடி வந்து ஊதுறீக."

"நீங்க திட்டணும். அதுக்குத்தான் வந்தேன்," என்றார் துளசிராம். "ஒண்ணே ஒண்ணு. அந்தக் கட்டடம் வரைக்கும் இருநூறு அடி இருக்கு. திட்டுறதை நடந்துக்கிட்டே திட்டுங்க. நான் பின்னாடியே வாரேன்."

நாகஜோதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கிறுக்கனா, கெட்டவனா என்று முடிவு செய்ய முடியாத பார்வை. பிறகு விளக்குமாற்றை மகன் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கினார். நேரே அவரை நோக்கித்தான் வந்தார். துளசிராம் இரண்டடி பின்வாங்கி, ஒதுங்கி, வழி விட்டார். வந்த வேகத்தில் நாகஜோதி அவரைக் கடந்து தெருவுக்குள் இறங்கிவிட்டார்.

பால்பாண்டி காலைப் பார்த்தான். கால் விழுந்தது. அடித்தான்.

அவர் திட்டிக்கொண்டே நடந்தார். மஹால் பக்கத்து ஆட்களின் புத்தி, பித்தளை வாத்தியங்களின் பயன், மகன் பெண் தேடிய லட்சணம், எல்லாம் வரிசையாக வந்தது. டிரம் அவர் காலோடு போனது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் மெதுவாக மேலே ஏறிக்கொண்டன. முப்பது அடி தாண்டியபோது அவருக்கே ஏதோ உறைத்து, சட்டென்று நின்றார்.

டிரம் நின்றது.

திரும்பிப் பார்த்தார். எல்லாரும் வாயில் வாத்தியத்தோடு சிலையாக நின்றார்கள். அவர் ஒரு அடி வைத்தார். டம். நின்றார். சத்தமில்லை. வேண்டுமென்றே இரண்டு அடி வேகமாக வைத்தார். டம், டம். ஒரு பிள்ளை கெக்கெக்கென்று சிரித்தது. ஆனால் இந்தச் சிரிப்பு பழைய சிரிப்பு இல்லை. அது நாகஜோதிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் உதட்டின் ஒரு ஓரம் மட்டும் லேசாக அசைந்தது.

"இதென்ன, என் நடைக்கா அடிக்கிறீக?"

"ஆமா."

"எப்படித் தெரியும்?"

"எண்ணினேன். நிமிஷத்துக்கு நூத்திப் பன்னண்டு."

நாகஜோதி மகனைப் பார்த்தார். அழகுராஜா விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான், அதுதான் குற்றத்துக்குச் சாட்சி என்பது போல.

"பைய நடந்தாப் பால் கெட்டுப்போகும்ல," என்றார் நாகஜோதி. யாருக்கோ விளக்கம் சொல்வது போல.

பிறகு தொழுவத்துச் சேலையின் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். நிமிர்ந்தார். நடந்தார்.

இப்போது முழு பேண்டும் கிளம்பியது. அதே மெட்டுத்தான். ஆனால் பெரிய 'க' ஒவ்வொரு தடவை வரும்போதும் தெருவில் வெயில் ஒரு பிடி கூடியது மாதிரி இருந்தது. நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். மகுடேஸ்வரி என்று கத்திய பையன் இப்போது அவருக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதே வேகத்தில் நடந்து வந்தான். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். நூறு, நூற்றைம்பது, இருநூறு. ரிப்பனுக்கு முன்னால் வந்து நாகஜோதி இரண்டு காலையும் சேர்த்து வைத்தார். பால்பாண்டி அந்த ஒரு இடத்தில் மட்டும், யாரும் சொல்லாமலே, ஓங்கி அடித்தான்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கத்திரிக்கோலை வாங்கியவர், ரிப்பனை வெட்டுவதற்கு முன், துளசிராமின் பக்கம் திரும்பினார்.

"கல்யாணத்தன்னைக்கும் நான் இதுக்குத்தான் நடப்பேன். வேற எதுவும் ஊதக் கூடாது."

"சரிங்க."

"அப்புறம், ராத்திரி ஒம்பது மணிக்கு வீட்டுல இருந்து டிவி பாருங்க. ஊரு உலகம் தெரியணும்ல." கத்திரிக்கோலை ரிப்பன்மேல் வைத்தார். "வெசாலக்கிழமை வீட்டம்மாவோட தட்டை எடுத்துக்கிட்டு வாங்க, சம்பந்தி."

மாஸ்டர் போய்ச் சம்பந்தி வந்துவிட்டது. சோணைமுத்து டிராம்போனைத் தரையில் வைத்துவிட்டு, கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று அவர் சொன்னதை எல்லாரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்கள்.

வேப்பமரத்தடியில் மோர் கொடுத்தார்கள். துளசிராம் இரண்டு டம்ளர் குடித்தார். உடம்பு லேசாகிவிட்டது போல இருந்தது. நடுவில் ஓரிடத்தில் தான் சுரம் தவறியது ஞாபகம் வந்தது. எழுதியதிலேயே பிழையா, ஊதியதில் பிழையா என்று பார்க்க, டிரம்பெட்டில் செருகியிருந்த தாளை உருவித் தூக்கிப் பிடித்தார்.

வெயில் தாளுக்குப் பின்னால் இருந்தது. எறும்புக் கூட்டத்தின் ஊடே முதுகுப் பக்கத்து எழுத்தும் தெரிந்தது. இந்துப்ரியாவின் முத்துமுத்தான எழுத்து. புதன்கிழமைக்கு எழுதிய பழைய தாள். தலைப்பில் அவர் எப்போதும் கொடுப்பது போலப் பாட்டின் பேர் இல்லை, வரிசை எண் மட்டும்: மூன்று.

எண்ணுக்குப் பக்கத்தில் தாள் கொஞ்சம் தேய்ந்து, மெலிந்து போயிருந்தது. பென்சிலில் எழுதி ரப்பரால் அழித்த இடம். அழித்தாலும் அழுத்தி எழுதிய தடம் போகாது. திருப்பிப் பிடித்து, சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

'அப்பா, இது மகுடேஸ்வரி மெட்டு.'

மோர் டம்ளர் அவர் கையிலேயே இருந்தது. எழுதியிருக்கிறாள். பிறகு அழித்திருக்கிறாள். பத்து நாள் ஒத்திகையையும் கொட்டகைக்குக் கீழே அறையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். காலையில் விட்டுருங்கப்பா என்றது எதை விடச் சொல்லி? இங்கே வருவதையா, இந்தக் கல்யாணத்தையா?

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவள்தான்.

"என்னப்பா ஆச்சு?"

"சம்மதிச்சுட்டாங்கம்மா. வியாழக்கிழமை தட்டோட வரச் சொல்லிட்டாங்க."

எதிர்முனையில் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ரொம்ப சந்தோஷம்ப்பா," என்றாள்.

வார்த்தை காதில் விழாத மனிதர் அவர். மெட்டு மட்டும்தான் விழும். அது முழுக்கச் சின்ன 'க'வில் இருந்தது.

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போனுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ரிப்பன் வெட்டியாயிற்று, சம்பந்தி, இன்னொரு தடவை அதை வாசிங்க என்று நாகஜோதி அங்கிருந்து கையசைத்தார். பால்பாண்டி டிரம்மைத் தூக்கித் தோளில் மாட்டினான். துளசிராம் டிரம்பெட்டை உதட்டில் வைத்தார்.

மூச்சு வரவில்லை.